விபிஎன் போட்டதும் நெட் போனால்

வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போக உதவும் விபிஎன் சாஃப்ட்வேர் போட்ட பிறகு நெட் வரவில்லை என்றால், எங்கள் பக்கத்தில் முதலில் காதில் விழுவது "ஃபார்மட் அடிச்சிருவோம்" என்ற பேச்சுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ கடையில் கொடுத்தால் சாயங்காலம் லேப்டாப் கைக்கு வந்துவிடும். நெட்டும் வரும். ஆனால் டேலி டேட்டா, கல்லூரி புராஜெக்ட், கம்பெனி செட்டிங் எல்லாம் போயிருக்கும். திரும்ப அந்த விபிஎன்னைப் போட்டு, பழைய சாஃப்ட்வேர்களையும் ஒவ்வொன்றாக ஏற்றினால், ஒரு வாரத்தில் அதே கோளாறு வந்து நிற்கும். எதனால் வந்தது என்று யாரும் பார்க்கவே இல்லையே!

நான் சுந்தரபாண்டியத்தில் வீட்டில் இருந்தபடி வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். 2020-க்கு முன்பு இந்த ஊரில் விபிஎன் என்ற பேச்சு பெரிதாக இருந்ததில்லை. கால்சென்டர், பிபிஓ கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை பார்க்கவிட வேண்டுமென்றால் அப்போதெல்லாம் ஒரு கோடி ரூபாய் வைப்புத்தொகை, தொலைத்தொடர்பு நிறுவனம் தரும் விபிஎன் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். 2020 மார்ச் 13-ஆம் தேதி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அந்த மாதமே ஊரடங்கும் வந்தது. சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்த பிள்ளைகள் கம்பெனி லேப்டாப்போடு கிருஷ்ணன்கோவிலில் பஸ் இறங்கினார்கள். நவம்பர் 5-ஆம் தேதி புதிய விதிமுறைகள் வந்து வீட்டு வேலைக்கு நிரந்தரமாகவே வழி திறந்தன. சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த பெண்கள் சிலர் புதிதாக வேலையில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒரு ஷிப்ட் லாகின் ஆகவில்லை என்றால் அன்றைய சம்பளம் வெட்டு. அதனால்தான் இந்தக் கோளாறை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

விபிஎன் மற்ற சாஃப்ட்வேர் மாதிரி டெஸ்க்டாப்பில் ஓர் ஐகானாக நின்றுவிடாது. இன்ஸ்டால் ஆகும்போதே கணினிக்குள் இல்லாத ஒரு நெட்வொர்க் கார்டை இருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும். டிவைஸ் மேனேஜரில் டேப் அடாப்டர், வயர்கார்டு டனல் என்றெல்லாம் தெரிவது அதுதான். டேப் அடாப்டர் ஓப்பன்விபிஎன்னோடு வந்தது. மத்திய ஆசியாவில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே தன் வேலையைப் பார்த்த ஜேம்ஸ் யோனான் என்பவர், வழியிலுள்ள நெட்டை நம்ப முடியாமல் 2001-ல் எழுதிய சாஃப்ட்வேர் அது. பெருநகரத்துக்கு வெளியே இருந்து வேலை பார்ப்பவனின் தேவையில் பிறந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இதோடு முடிந்தால் பிரச்சினை குறைவு. பல விபிஎன்கள் நம்முடைய நிஜ வைஃபை, லேன் டிரைவர்களின் மேலும் ஃபில்டர் டிரைவர் ஒன்றை ஒட்டவைக்கும். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆன்டிவைரஸும் அதே இடத்தில்தான் ஒட்டிக்கொள்ளும். கல்லூரிப் பிள்ளைகள் போடும் விர்ச்சுவல்பாக்ஸ், வயர்ஷார்க்கோடு வரும் என்பிகேப், லேப்டாப் கம்பெனியே ஏற்றி அனுப்பும் "நெட் வேகம் கூட்டும்" சாஃப்ட்வேர் எல்லாம் அங்கேதான். எங்கள் ஊரில் தறி ஓட்டுபவர்கள் பாவில் ஓர் இழை அறுந்தால் தறியைப் பிரித்துப்போட மாட்டார்கள். அறுந்த இழை எது என்று விரலால் தேடிப் பிணைப்பார்கள். நெட்வொர்க் டிரைவர் கோளாறிலும் தேட வேண்டியது அந்த ஓர் இழையைத்தான்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறார். முன்கட்டில் தறி, பின்கட்டில் இவருடைய மேஜை. லேப்டாப் சொந்தம், விபிஎன் கம்பெனியுடையது. ஒருநாள் மத்தியானம் போன்.

"தம்பி, காலைல வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. புது விபிஎன் போடச் சொன்னாங்க. போட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். வைஃபை கனெக்ட்னு காட்டுது, ஒண்ணுமே ஓப்பன் ஆக மாட்டேங்குது. போன்ல அதே வைஃபை ஜம்முனு ஓடுது."

"விபிஎன்ன அழிச்சிட்டீங்களாக்கா?"

"இல்லப்பா, ஒண்ணுத்தையும் தொடல."

தொடாமல் வைத்ததே பாதி வைத்தியம். நான் போய் முதலில் செய்தது, அவருடைய போனை வயரில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டதுதான். இந்தச் சோதனையை யாரும் தாண்டிப்போகக் கூடாது என்பேன். டெதரிங் செய்யும்போது விண்டோஸுக்கு அது முற்றிலும் வேறொரு நெட்வொர்க் கார்டு. அதில் நெட் வந்தால் கோளாறு வைஃபை கார்டின் டிரைவரிலோ, அதன் செட்டிங்கிலோ இருக்கிறது. அதிலும் வராவிட்டால் எல்லா கார்டுகளுக்கும் பொதுவான ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது; வைஃபை டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் இராது. இன்னொரு விதமும் உண்டு: 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் அடித்தால் பதில் வரும், ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்காது. அப்போது டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. விபிஎன் பாதியில் நின்றபோது மாற்றிவைத்த டிஎன்எஸ் முகவரியைத் திருப்பி வைக்காமல் போயிருக்கும். அதை "தானாக எடுத்துக்கொள்" என்று மாற்றினால் போதும்.

அக்காவின் லேப்டாப்பில் டெதரிங்கிலும் நெட் இல்லை, பிங்கும் இல்லை. ஆகவே பொதுவான தடைதான். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வந்த பெட்டியில் என்-சி-பி-ஏ டாட் சி-பி-எல் என்று அடித்தால் கார்டுகள் வரிசையாகத் தெரியும். வைஃபை மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அங்கே ஒரு பட்டியல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டிக். 'மைக்ரோசாஃப்ட்' என்றோ 'இன்டர்நெட் புரோட்டோகால்' என்றோ தொடங்குபவையும், 'க்யூஓஎஸ் பாக்கெட் ஷெட்யூலர்' மாதிரி இன்னும் சிலவும் விண்டோஸின் சொந்த வரிகள். அவற்றைத் தொடக் கூடாது. மற்றவை வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. அக்காவிடம் மூன்று இருந்தன: புது விபிஎன்னுடையது ஒன்று, அவர் தம்பி படிப்புக்காகப் போட்ட விர்ச்சுவல்பாக்ஸினுடையது ஒன்று, ஓர் ஆன்டிவைரஸினுடையது ஒன்று.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கீங்களாக்கா?"

"அது லேப்டாப் வாங்கும்போது ஃப்ரீயா வந்தது. காசு கட்டச் சொல்லிக்கிட்டே இருந்துச்சுன்னு எப்பவோ எடுத்தாச்சே."

எடுத்தாயிற்று, ஃபில்டர் மட்டும் தங்கிவிட்டது. அந்த டிக்கை எடுத்து ஓகே கொடுத்தேன். வைஃபை ஒருமுறை அணைந்து வந்தது, பக்கமும் திறந்தது. புது விபிஎன்னும் சிக்கலில்லாமல் கனெக்ட் ஆனது. அந்த ஆன்டிவைரஸ் கம்பெனி மிச்சம் மீதியைத் துடைக்கத் தனியாக ஒரு கருவி வைத்திருந்தது. பெரும்பாலான ஆன்டிவைரஸ் கம்பெனிகளிடம் அப்படியொன்று இருக்கும். அதை இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தபோது அந்த வரியே பட்டியலிலிருந்து போயிருந்தது. கடைசியாக வந்ததன்மேல் பழியைப் போடுவது எல்லோருக்கும் சுலபம். புதுசும் பழசும் சேரும் இடத்தில்தான் அடிக்கடி முடிச்சு விழுகிறது. டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்கும் காரணம் அதுவே. மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்திருந்தால் நெட் வந்திருக்கும்; எது காரணம் என்று தெரிந்திருக்காது.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை டபுள் கிளிக் செய்து உள்ளே எழுதியிருக்கும் கோட் எண்ணைப் பாருங்கள். 56 என்று இருந்தால் டிரைவரைத் தேடி அலைய வேண்டாம். "நெட்வொர்க் அமைப்பை இன்னும் முடிக்கவில்லை" என்று விண்டோஸ் சொல்லும் எண் அது; அதை முடிக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஒரு விபிஎன்தான். அந்த விபிஎன்னை முறையாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸுக்குப் பொருந்தும் புதிய பதிப்பைப் போட வேண்டும்.

விபிஎன்னின் ஃபில்டர் நெட்டை நிறுத்துவது உலகம் முழுக்க நடந்த கதை. 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வந்து, ஏராளமானவர்கள் 8.1-இலிருந்து மாறினார்கள். பலருக்கு வைஃபையும் போனது, லேனும் போனது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விளக்கக் குறிப்பே காரணத்தைச் சொன்னது: சிஸ்கோ விபிஎன் கிளையன்ட், சோனிக்வால் குளோபல் விபிஎன் கிளையன்ட் ஆகியவற்றின் பழைய பதிப்புகளில் 'டிடெர்மினிஸ்டிக் நெட்வொர்க் என்ஹான்சர்' என்ற ஃபில்டர் டிரைவர் இருந்தது, அப்கிரேடில் அது சரியாகப் புது விண்டோஸுக்கு மாறவில்லை. தீர்வாக மைக்ரோசாஃப்ட் கொடுத்தவை இரண்டே கட்டளைகள். ஒன்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவை அழிக்கும், மற்றது நெட்சிஎஃப்ஜி என்ற கருவியால் அந்த ஃபில்டரை மட்டும் கழற்றும். ஃபார்மட் பேச்சே இல்லை.

எல்லாப் பழியும் டிரைவருக்குப் போகவும் கூடாது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன் ஒருவர் வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் போவார். புது ஃபைபர் கனெக்‌ஷன் வாங்கினார். அன்று முதல் விபிஎன் கனெக்ட் ஆகும், சின்ன பிங் போகும், ரிமோட் டெஸ்க்டாப் திறந்ததும் கறுப்புத் திரையாகவே நிற்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் எல்லாம் ஓடும். வைஃபை டிரைவரை மாற்றிப் பார்த்தார்கள், பிறகு வைஃபை கார்டையே மாற்றிவிட்டார்கள். கார்டுக்கான காசு தண்டம்.

அங்கே இடித்தது பாக்கெட்டின் அளவு. சாதாரண நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ ஃபைபர் கனெக்‌ஷனில் 8 பைட் அதற்கே போய்விட, மிச்சம் 1492. விபிஎன் தன் உறையைச் சுற்றும்போது இன்னும் குறையும். விபிஎன் அடாப்டருக்கு இது தெரியாமல் பெரிய பாக்கெட்டாகவே அனுப்பிக்கொண்டிருந்தால், சின்னவை போய்ச் சேரும், பெரியவை சத்தமில்லாமல் விழுந்துவிடும். கனெக்ட் ஆகிறது, ஆனால் ஒன்றும் நகரவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். விபிஎன்னைக் கனெக்ட் செய்துவிட்டு, ஆபீஸ் சர்வருக்கு "துண்டாக்காதே" என்ற குறியோடு 1472 பைட்டில் பிங் அடித்தோம். பதில் இல்லை. குறைத்துக்கொண்டே வந்ததில் 1372-இல் பதில் வந்தது. தலைப்புக்கான 28-ஐக் கூட்டினால் 1400. விபிஎன் அடாப்டரின் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1400 என்று வைத்ததும் கறுப்புத் திரை போய் டேலி தெரிந்தது. அந்த அண்ணன் அன்றே மாதக் கணக்கை முடித்தார்.

இன்னொன்று வீட்டு மோடத்தின் முகவரி. ஏராளமான மோடங்கள் 192.168.1.1 என்றே வருகின்றன. சிறு ஆபீஸ்களின் சர்வரும் 192.168.1 வரிசையிலேயே இருக்கும். இரண்டும் ஒன்றானால் ஆபீஸ் சர்வரைத் தேடும் லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடி நின்றுவிடும். வீட்டு மோடத்தை 192.168.57.1 போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

லேப்டாப்பில் கையே வைக்கக் கூடாத நாட்களும் உண்டு. 2022 பொங்கல் வாரம் நல்ல உதாரணம். ஜனவரி 11-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸில் இருக்கும் எல்2டிபி வகை விபிஎன் உலகெங்கும் பலருக்கு இணையவில்லை. ஜனவரி 17-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. 2024 ஏப்ரல் அப்டேட்டிலும் விபிஎன் கனெக்‌ஷன் தோற்பதாக அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டு, மே 14-ஆம் தேதி அப்டேட்டில் சரிசெய்தது. இப்படிப்பட்ட வேளையில் டிரைவரை நோண்டினால் நன்றாக இருந்ததும் கெடும். ஆகவே விபிஎன் நின்றதும் கூட வேலை பார்ப்பவர்கள் ரெண்டு பேருக்குப் போன் போட்டு, "ஒங்களுக்கு வருதா?" என்று கேட்டுவிடுங்கள். எல்லோருக்கும் போயிருந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. சொந்த லேப்டாப்பாக இருந்தால், அப்டேட் ஹிஸ்டரிக்குள் போய் அந்த ஓர் அப்டேட்டை மட்டும் நீக்கிவைத்துத் திருத்தம் வரும்வரை ஓட்டலாம்.

இலவச விபிஎன்கள் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டுக்குத் தடை வந்த பிறகு பையன்கள் அவற்றை இறக்கித் தள்ளினார்கள்; அக்காவோ அப்பாவோ வேலை பார்க்கும் லேப்டாப்பிலும் இறங்கின. ஓப்பன்விபிஎன்னை அடிப்படையாகக் கொண்ட இரண்டு விபிஎன்கள் ஒரே டேப் அடாப்டருக்கு அடித்துக்கொள்ளும். "எல்லா டேப் அடாப்டர்களும் பயன்பாட்டில் உள்ளன" என்று பிழைச்செய்தி வருவது அதனால்தான். சில விபிஎன்களில் கில் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கும்: விபிஎன் அறுந்தால் மொத்த நெட்டையும் பூட்டிவிடும். பூட்டிய நிலையிலேயே சாஃப்ட்வேரை அழித்தால் பூட்டு அப்படியே நின்றுவிடுவதுண்டு. அதையே திரும்ப இன்ஸ்டால் செய்து, கில் ஸ்விட்சை அணைத்து, அதன்பின் நீக்க வேண்டும். சம்பளம் வரும் லேப்டாப்பில் ஆபீஸ் விபிஎன் ஒன்றைத் தவிர வேறு விபிஎன் இருக்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் இடிக்கு லேன் போர்ட் போன லேப்டாப்புகள் வரும். யூஎஸ்பியில் மாட்டும் லேன் கார்டு வாங்கிப் போடுவது சரியான வழிதான். ஆனால் விலை குறைந்த கார்டுகள் பலவற்றை வேறொரு யூஎஸ்பி துளையில் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதுக் கார்டாக எண்ணும்; ஈத்தர்நெட் 2, ஈத்தர்நெட் 3 என்று பெயர் ஏறிக்கொண்டே போகும், பழைய கார்டுக்கு வைத்த செட்டிங் எதுவும் இருக்காது. ஒரே துளையில் மாட்டுங்கள், அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் ரீசெட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. யூடியூப் பார்த்து முதலில் அதைத்தான் எல்லோரும் அமுக்குகிறார்கள். எல்லா நெட்வொர்க் கார்டுகளையும் கழற்றித் திரும்ப மாட்டும் பட்டன் அது. வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், விபிஎன்னைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டி வரும். மேலே சொன்னதெல்லாம் பார்த்த பிறகு, விபிஎன் இன்ஸ்டாலர் கையில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

நெட் போகும் வேளைக்காகவே என்னிடம் எப்போதும் ஒரு பென்டிரைவ் இருக்கும். ஒவ்வொரு லேப்டாப்பும் நன்றாக ஓடும்போதே பிஎன்பி-யூட்டில் என்ற விண்டோஸ் கருவியால் அதில் ஏற்றியிருக்கும் டிரைவர்களை ஒரு ஃபோல்டருக்கு எடுத்து, தெரு பெயரும் மாடலும் எழுதிச் சேர்த்துவிடுவேன். நெட் போன பிறகு டிரைவர் இறக்க முடியாது. அந்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்குப் போய் வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பென்டிரைவில் உபுண்டு. அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி வைஃபை வேலை செய்தால், கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸுக்குள்தான் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். அந்த நூற்பாலை அண்ணனுக்கு யாராவது இதைச் செய்திருந்தால் வைஃபை கார்டுக் காசு மிஞ்சியிருக்கும்.

கம்பெனி கொடுத்த லேப்டாப் என்றால் வழியே வேறு. அட்மின் உரிமை உங்களிடம் இருக்காது, இருந்தாலும் அவர்கள் விபிஎன்னைக் கழற்றக் கூடாது. ஐடி பிரிவுக்குப் போன் போட்டு "நெட் வரல சார்" என்று மட்டும் சொன்னால் "உங்க கேபிள்காரரைக் கேளுங்க" என்று வைத்துவிடுவார்கள். கேபிள்காரர் "லைன் கிளியர், ஒங்க லேப்டாப்புதான்" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் ஷிப்ட் போய்விடும். அதற்குப் பதில், இப்படி எழுதி அனுப்பச் சொல்வேன்: "அதே வைஃபையில் என் போன் ஓடுகிறது. யூஎஸ்பி டெதரிங்கிலும் லேப்டாப்பில் நெட் இல்லை. டிவைஸ் மேனேஜரில் இந்த கோட் காட்டுகிறது. கடைசியாக மாறியது இது, இத்தனை மணிக்கு." கூடவே டிவைஸ் மேனேஜர், வைஃபை பிராப்பர்ட்டீஸ் பட்டியல் இரண்டையும் போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். இப்படி அனுப்பியவர்களுக்கு அன்றைக்கே ஆள் லைனில் வந்து சரிசெய்து கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றதால், இப்போது விண்டோஸ் 11-க்கு மாறுபவர்கள் நிறைய. 2015-இல் நடந்தது யாருக்கும் திரும்ப நடக்க வேண்டாம். மாறுவதற்கு முன்பே ஆபீஸில் கேட்டு விண்டோஸ் 11-க்குரிய விபிஎன் இன்ஸ்டாலரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், லாகின் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய விபிஎன்னையும் வெளி ஆன்டிவைரஸையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். வைஃபை பட்டியலில் அந்நிய வரி எதுவும் மிச்சமில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு அப்கிரேடைத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்த பிறகு தொடங்கினால் நல்லது. ஏதாவது இடறினாலும் திங்கட்கிழமை லாகினுக்குள் சரிசெய்ய நேரம் இருக்கும்.